சொல்லாமல் விட்ட மூன்று சென்ட்

எங்கள் சமரச மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வழக்கறிஞர் கீர்த்தனா போன மாதம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். கிராமத்து நிலத் தகராறுகளைக்கூட இப்போது வீடியோ காலிலேயே பேசித் தீர்க்க ஆரம்பித்துவிட்டார்களாம். புதிதாக வருகிறவர்களுக்காகச் சின்னதாக ஒரு கையேடு போடுகிறார்களாம். "சார், உங்க பெஸ்ட் கேஸ் ஒண்ணு எழுதித் தாங்க. அந்த ஸ்டெல்லா அம்மா கேஸா இருந்தா சூப்பர். இங்க எல்லாரும் இன்னும் அதைத்தான் சொல்லிட்டிருக்காங்க" என்று கேட்டிருந்தார்.

எல்லாரும் இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள், எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுதியும்விட்டேன், ஆனால் அவர் எதிர்பார்த்த மாதிரி இல்லை. கையேட்டில் போடுவதும் தூக்கிக் குப்பையில் போடுவதும் அவர்கள் இஷ்டம். சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டுக்கொண்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

நான் பிறவி மத்தியஸ்தன் இல்லை. சென்னைக்குத் தெற்கே ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபது வருடத்துக்கு மேல் பத்திரம் எழுதினேன். கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை என்று எது கேட்டாலும் பார்க்காமல் எழுதுவேன். 'என் முழு மனதுடன், எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல்' என்ற வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிறகு ஒரு அறக்கட்டளை தாம்பரத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து நிலத் தகராறுகளுக்கான சமரச மையம் ஆரம்பித்தது. பத்திரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள், அதில் பாதி நேரம் தூங்கினேன். நான் அங்கே மத்தியஸ்தனாக வேலை பார்த்த வருடங்கள் முழுக்க எல்லாரும் என்னை 'ரைட்டர் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

உண்மையில் நான் வேலை கற்றுக்கொண்டது வசந்தா மேடத்திடம். ஓய்வுபெற்ற நீதிபதி. குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. சண்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களை எதிரெதிரே உட்கார வைக்க மாட்டார். மேசைமேல் நிலத்தின் அளவுப் படத்தை விரித்து, இரண்டு தரப்பையும் அதைப் பார்த்த மாதிரி ஒரே பக்கம் உட்கார வைப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இந்தப் படத்துல உங்களுக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணைக் காட்டுங்க." கத்திக்கொண்டே படியேறி வந்த ஆள், குனிந்து வேப்பமரம் எங்கே, வரப்பு எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவான்.

அப்புறம் தனிச் சந்திப்பு. ஒவ்வொரு தரப்பையும் தனியாகப் பக்கத்து அறையில் உட்கார வைத்துப் பேசுவோம். எழுதும் தாளுக்கு நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'சொல்லலாம்', வலப்பக்கம் 'சொல்லக் கூடாது'. அவர்கள் சொல்வதை எல்லாம் கேட்டு முடித்து, "இதுல எதை அந்தப் பக்கம் சொல்லலாம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அந்தந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். வலப்பக்கம் இருப்பது உயிர் போனாலும் வெளியே போகக் கூடாது. இடப்பக்கம் இருப்பதைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இருக்கக் கூடாது. மேடம் இதைத் தபால்காரர் வேலை என்பார். ஒப்பந்தம் முடிந்ததும் அந்தத் தாளை இரு தரப்பின் கண்ணெதிரே கிழித்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று உண்டு. கையெழுத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தை மேடமே வாசித்துக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்பார். ஒருமுறை வண்டிப்பாதைத் தகராறு ஒன்று. ஏழு அமர்வு உட்கார்ந்து முடித்திருந்தோம். வயதான ஒரு மனிதர், "நீங்க நல்லவங்க மேடம், நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார். எட்டாவது அமர்வுக்கு நாள் குறித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பச்சைப் பலகை உண்டு. 'இந்த மாதம் தீர்ந்தவை' என்று தலைப்புப் போட்டு, தீர்ந்த வழக்குகளின் ஊர்ப் பெயரை நானே சாக்பீஸில் எழுதுவேன். மேடத்துக்கு அது பிடிக்காது. "இதென்ன கிரிக்கெட் ஸ்கோரா?" என்று கேட்டார். அறக்கட்டளைக்காரர்கள் வந்தால் பார்க்க வேண்டாமா என்று சமாளித்தேன். அவர்களுக்காக இல்லை, எனக்காகத்தான் அந்தப் பலகை.

ஸ்டெல்லா வந்தது அதற்குப் பிறகு. பம்மலில் வாடகை வீடு. தோல் கையுறை தைக்கும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. கணவர் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்து நெஞ்சு கெட்டுப்போய் வீட்டில் இருந்தார். அண்ணன் சூசை படப்பைக்கு அந்தப் பக்கம், சொந்த ஊரிலேயே இருந்தார். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார், அம்மா முன்பே இல்லை. நாற்பத்திரண்டு சென்ட் நிலம், கூடப்பிறந்தவர்கள் இரண்டே பேர். சட்டப்படி பாதி ஸ்டெல்லாவுக்கு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் வக்கீல் மூலம் நோட்டீஸ் விட்டார். அன்றிலிருந்து அண்ணன் பேசுவதில்லை. இரண்டு வக்கீல்களும் நல்லவர்களாக இருந்து எங்களிடம் அனுப்பி வைத்தார்கள்.

முதல் அமர்வில் மேடம் படத்தை விரித்தார். நிலம் நீளவாக்கில் இருந்தது. ஒரு முனை தார் ரோட்டில், மறுமுனை கிணற்றில். ஸ்டெல்லாவுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை. வெகுநேரம் தேடி, கிணற்றுக்குப் போட்டிருந்த சின்ன வட்டத்தைக் கண்டுபிடித்து விரலை வைத்தார்.

"இங்கதான் மேடம் எங்கம்மா துணி தோய்க்கும். நான் பக்கத்துல கல்லு மேல குந்திகினு இருப்பேன்."

சூசை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்ன வேணும் ஸ்டெல்லா?" என்று மேடம் கேட்டார்.

"வூடு கட்ட எடம் வோணும் மேடம். கல்யாணம் ஆன நாள்லேந்து வாடக வூடுதான். ஓனர் காலி பண்ணுன்னா மூட்டையத் தூக்கினு கெளம்பணும். இதோட ஒம்போது வூடு மாறிட்டேன்."

அன்றைக்கு மேடம் வேறொரு வழக்கைக் கவனிக்க வேண்டியிருந்ததால், தனிச் சந்திப்புகளை என்னையே பார்க்கச் சொன்னார். முதலில் சூசையிடம் பேசினேன். கதவைச் சாத்தியதும் அவர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"நேர்ல வந்து கேட்டா குட்த்துருப்பேன் சார். வக்கீல் நோட்டீஸ் வுட்டா. தபால்காரன் ஊரு நடுவுல நின்னு கையெய்த்து வாங்கறான். பேஜாரா பூட்ச்சி சார்."

"இப்ப என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூணு சென்ட்டு குட்த்துடறேன் சார். வூடு கட்டிக்கட்டும். அவ கைல சொல்லுங்க."

"இதை அந்தப் பக்கம் சொல்லலாமா?"

"அதுக்குத்தான சார் சொல்றேன்."

கோட்டுக்கு இடப்பக்கம் எழுதினேன். '3 சென்ட், தருவார்.' அவ்வளவுதான் எழுதினேன்.

அடுத்து ஸ்டெல்லா. தையல் ஊசி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன விரல்களால் கைக்குட்டையை மடித்துக்கொண்டே பேசினார்.

"பாதின்னு வக்கீல்தான் சார் எழுதினாரு. எனக்கு இன்னாத்துக்கு பாதி? நாலு சென்ட்டு இருந்தா போதும். ரெண்டு ரூமு, ஒரு கக்கூசு. ஆனா இத்த எங்கண்ணன் கைல சொல்லிடாதீங்க. நாலுன்னா அவரு ரெண்டும்பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். வலப்பக்கம் எழுதினேன். '4 போதும்.'

இதைப் படிக்கும் பிள்ளைகள் இங்கே கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒரே தாளில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் நாலு. நடுவே ஒரு சென்ட் வித்தியாசம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமான ஆள்கூடத் தீர்த்து வைத்திருப்பான். "அண்ணன் மூணு சென்ட் தர்றாராம்மா" என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

நான் சொல்லவில்லை. மூன்று சென்டைப் பிரிப்பது என்றால் எந்தப் பக்கம் என்று பேச வேண்டும், வழி விட வேண்டும், அளவையர் வர வேண்டும், உட்பிரிவு செய்ய வேண்டும், பட்டா மாற்ற வேண்டும். மாதக் கணக்கில் இழுக்கும். அந்த இழுபறியில் முறிந்துபோன சமரசங்களை நான் நிறையப் பார்த்திருந்தேன். தன் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்றால் ஒரே கையெழுத்தில் எல்லாம் முடிந்துவிடும். இப்படி எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இதெல்லாம் சும்மா. மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது, பலகையில் இடம் காலியாக இருந்தது. அதைவிடக் கேவலமான இன்னொன்றும் என் மனதில் இருந்தது. பொம்பளைக்கு எதற்கு நிலம், அண்ணன் உறவு போதாதா என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

ஸ்டெல்லாவின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது, மூன்றாவது ஓலை அந்த ஞாயிறு. அது எனக்குத் தெரியும்.

"கல்யாணத்துக்கு மாமன் யாரும்மா?" என்று கேட்டேன்.

கைக்குட்டையை மடிப்பது நின்றது.

"மாமன் வரிசை எடுத்துட்டு யாரு வருவா? பொண்ணு பக்கத்துல யாரு நிப்பா? மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்க? நிலம் இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு வாங்கலாம். அண்ணனை எங்க போய் வாங்குவீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கண்ணன் அப்டியா சார் சொன்னாரு? நெலம் கேட்டா வர மாட்டேன்னு?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஆமாம் என்றும் நான் சொல்லவில்லை. "நான் என்னத்தைம்மா சொல்றது, நீங்களே யோசிச்சுக்கங்க" என்றேன். பத்திரம் எழுதி எழுதிப் பழகிய சாமர்த்தியம் அது. நாளைக்கு யார் கேட்டாலும் நான் பொய் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஸ்டெல்லா கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம், "சரி சார். எங்க கையெய்த்து போடணும்?" என்றார்.

திரும்பவும் சூசையிடம் போனேன். தங்கச்சிக்கு நிலம் வேண்டாமாம், நீங்கள் மாமனாக வந்து நின்றால் போதுமாம் என்றேன். அந்த மனிதர் நம்ப முடியாமல் கேட்டார்.

"மூணு சென்ட்டு தரேன்னு சொன்னேனே, அத்த சொன்னீங்களா சார்?"

"சொன்னேன். வேணாம்னுட்டாங்க."

இந்த முறை சாமர்த்தியம் எதுவும் இல்லை, பச்சைப் பொய். சூசை துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. எப்பேர்ப்பட்ட காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஒப்பந்தத்தை மேடம் வாசித்தார். வழக்கம்போல ஸ்டெல்லாவைப் பார்த்து, "உங்க வார்த்தையில சொல்லுங்க" என்றார்.

"எனக்கு நெலம் வாணாம், எங்கண்ணன் போதும்னு எய்திகீது மேடம்."

மேடம் கையெழுத்துக்குத் தாளை நகர்த்தவில்லை. "காலையில வீடு கட்ட இடம் வேணும்னு சொன்னீங்களே. இப்படிச் சொல்லணும்னு யாராவது சொன்னாங்களா?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஸ்டெல்லாவும் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருந்தால் மேடம் அந்தத் தாளை அங்கேயே கிழித்திருப்பார். நான் மேசைமேல் இருந்த மை டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"இல்ல மேடம்" என்றார் ஸ்டெல்லா. "யாரும் சொல்லல. நானாத்தான்."

என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தாரா, அல்லது பேச்சை வளர்த்தால் அண்ணன் மனசு மாறிவிடும் என்று பயந்தாரா, தெரியாது. கையெழுத்தானதும் குறிப்புத் தாளைக் கிழிக்கும் வேலையை நான் முந்திக்கொண்டு செய்தேன். பொடிப் பொடியாகக் கிழித்தேன். அடுத்த வாரம் விடுதலைப் பத்திரத்தையும் நானேதான் எழுதினேன். 'எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல்' என்ற வரியை எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. வழக்கம்போலத்தான் எழுதினேன்.

கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. பேண்டு முழங்க, இருபத்தோரு தட்டு வரிசையோடு சூசை வந்தார். ஸ்டெல்லா ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் என்னை மேடையில் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வயிறாரப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்தப் படம் இன்னும் எங்கள் மையத்தின் சுவரில் மாட்டியிருக்கிறது.

சில மாதம் கழித்து, வேறேதோ பேசிக்கொண்டிருக்கும்போது மேடம் நிறுத்திக் கேட்டார். "அந்த ஸ்டெல்லா விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு ரைட்டர் சார். நாற்பத்திரண்டு சென்ட்ல ஒரு சென்ட்கூடவா அந்தப் பொண்ணு கேக்கல?"

"அண்ணன் மேல பாசம் மேடம்" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. இப்போது மேடம் இல்லை. அவரிடம் சொல்லியிருக்கலாம், எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்காமல் இல்லை.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் சூசை நிலத்தை விற்றார். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு அங்கே யார்தான் விற்கவில்லை. கிணற்றை மூடி மனை போட்டுவிட்டார்கள். அது பேருந்தில் போகும்போது என் கண்ணில் பட்டது. அப்போதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் கெட ஆரம்பித்தது. அதற்குள் பரிகாரம் என்று ஒன்றும் மிச்சமில்லாமல் போயிருந்தது.

கீர்த்தனாவுக்கு எழுதுகிறேன் என்று சொன்ன பிறகு முதலில் படப்பைக்குப் போனேன். சூசைக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கடைவீதியை ஒட்டிப் புது வீடு. டீ வரவழைத்து, பக்கத்தில் இருந்தவரிடம் என்னை அறிமுகப்படுத்தினார்.

"எங்க குடும்பத்த சேத்து வெச்சவரு இவருதான். என் தங்கச்சி ரோசக்காரிப்பா. மூணு சென்ட்டு தரேன்னு இவரு மூலமா சொல்லி அனுப்பறேன், வாணாம், நீ வந்தா போதும்னு சொல்லி அனுப்பறா."

இத்தனை வருடமாக ஊரெல்லாம் இதைச் சொல்லி வந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போகும்வரை காத்திருந்து, நான் சொல்லவே இல்லை என்பதைச் சொன்னேன்.

சூசை திட்டவில்லை. "சொன்னேன்னு சொன்னீங்களே சார்" என்றார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும், "கேட்டேனே நானு. சொன்னேன்னு சொன்னீங்களே" என்றார். கிளம்பும்போது மட்டும், "எய்தறதுன்னா எய்திக்கங்க. மொதல்ல அவ கைல போய் சொல்லுங்க. அவ வூட்ல டீ குடிச்சிகினு மாமன் மாமன்னு குந்தினு இருந்தேனே இத்தினி வர்சமா" என்றார்.

பம்மலுக்குப் போக எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஷேர் ஆட்டோவில் இறங்கி விசாரித்துத்தான் கண்டுபிடித்தேன். இது பதினோராவது வீடாம். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. கணவர் இறந்து இரண்டு வருடமாகிறது. கண் சரியில்லாததால் கையுறைத் தையலை விட்டுவிட்டு, நூல் பிசிறு வெட்டும் வேலை செய்கிறார். "ரைட்டர் சார்! வாங்க வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுவரில் மகளின் கல்யாணப் படம், அதில் வரிசைத் தட்டோடு அண்ணன்.

"அன்னிக்கு நீங்க இல்லன்னா எனக்கு அண்ணன் இல்ல சார்" என்றார் காபியைக் கையில் கொடுத்து.

காபியைத் தரையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் மூன்று சென்ட் தருவதாகச் சொன்னதை, நான் மறைத்ததை, நீங்கள் வேண்டாம் என்றதாக அவரிடம் பொய் சொன்னதை. மன்னிப்பு என்ற வார்த்தையைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.

ஸ்டெல்லா என் எதிரே தரையில் உட்கார்ந்தார். "இன்னொரு தபா சொல்லுங்க சார். எங்கண்ணன் இன்னா சொன்னாரு?"

"மூணு சென்ட் குடுத்துடறேன், வீடு கட்டிக்கட்டும்னு சொன்னாரும்மா."

"அவராவா சொன்னாரு?"

"அவராத்தான்."

திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன்.

"எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த மூணு சென்ட்டு சார். ரோட்டுப் பக்கமா, கெணத்துப் பக்கமா? எந்தப் பக்கம் தரேன்னு சொன்னாரு?"

சூசை வாயைத் திறந்து மூன்று சென்ட் என்று சொன்னதும் நான் கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி அது. அன்றைக்கு நான் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் படப்பையில் அவர் எதிரே உட்கார்ந்திருந்தபோதும் கேட்கவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

ஸ்டெல்லா எழுந்தார். ஆறிப்போன காபி டம்ளரைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"கெணத்துப் பக்கமாத்தான் இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார்.